நெருப்பில் குளிர்ந்த தண்ணீர்

கல்யாணமாகிப் பதுளைக்கு வந்த புதிதில் என் வீட்டுக்காரர் என்னோடு அதிகம் பேசமாட்டார். கோபமோ வெறுப்போ இல்லை, வெறும் கூச்சம்தான். சாப்பிட உட்கார்ந்தால் "போதும்" என்பார். கடைக்குப் புறப்பட்டால் "வர்றேன்" என்பார். அதற்கு மேல் ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் தன் தங்கையிடம் சொல்லி அனுப்புவார். அவளும் "மதினி, அண்ணன் உங்ககிட்ட ஒரு சட்டைப் பித்தான் தைக்கணும்னு கேட்டுச்சு" என்று வந்து நிற்பாள். அண்ணன் அடுத்த அறையில்தான் இருப்பார்.

அப்பேர்ப்பட்ட மனுஷர் ஒரு நாள் மத்தியானம் சமையல்கட்டு வாசலில் மூச்சு வாங்க வந்து நின்றார். வேட்டியெல்லாம் கரி. "கொஞ்சம் வா. தண்ணி கொதிக்குது" என்றார்.

அடுப்பைத் திரும்பிப் பார்த்தேன். அதில் குழம்புதான் இருந்தது. "நான் தண்ணியே வைக்கலியே?" என்றேன்.

"இங்க இல்ல, சோடாக் கொட்டகையில. கொதிக்குது, ஆனா சில்லுனு இருக்கு. நீயே வந்து தொட்டுப் பாரு."

வெயிலில் அலைந்து மனுஷருக்குப் புத்தி கலங்கிவிட்டதோ என்று பயந்தேன். ஆனாலும் குழம்பை இறக்கி வைத்துவிட்டுப் பின்னாலேயே போனேன். அன்றைக்கு அவர் என்னோடு பேசியதுதான் எங்கள் கல்யாணத்தின் முதல் பேச்சு என்று நான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் வீடு பஜாரில் மாமனார் கடைக்குப் பின்னால் இருந்தது. மாமனார் மதுரைப் பக்கத்திலிருந்து சின்ன வயதில் வந்து அரிசி, கருவாடு, சேலை, செம்பு என்று எல்லாம் விற்றுக் கடையை நிலைநிறுத்தியவர். மாமியார் நான் வருவதற்கு முன்பே போய்விட்டார். வீட்டில் மாமனார், அவருடைய மகன், மகள், நான் ஆகிய நாலு பேர்தான். வீட்டுக்குப் பின்னால் நிலம் சரிந்து இறங்கும். அந்தச் சரிவில் தகரம் போட்ட ஒரு கொட்டகை. அதற்கும் கீழே ஓர் ஓடை. கொட்டகையில் என் வீட்டுக்காரர் கோலி சோடா போட்டு விற்றுக்கொண்டிருந்தார்.

சோடாவில் ஒரு சங்கதி உண்டு. தண்ணீர் குளிர்ந்திருந்தால்தான் வாயு அதில் நன்றாகக் கரைந்து நிற்கும். சூடான தண்ணீரில் போட்ட சோடா கோலியைத் தட்டியதும் ஒரு தடவை சீறிவிட்டு அடங்கிப் போகும். பதுளையோ மலைக்கு நடுவில் ஒரு கிண்ணம் மாதிரி கிடக்கிற ஊர். சுற்றிலும் தோட்டங்களில் குளிரடிக்கும், கீழே பஜாரில் புழுங்கும். மலை மேல் குளிரான பண்டாரவளையில் பிறந்து வளர்ந்த எனக்கு அந்த ஊர்த் தண்ணீர் முதல் நாளே பிடிக்கவில்லை. குளித்தாலும் குடித்தாலும் வெதுவெதுப்புதான்.

ஹாலிஎலப் பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரத் துரை வெண்ணெயைக் குளிர வைப்பதற்கென்று சீமையிலிருந்து ஓர் இயந்திரத்தைத் தருவித்திருந்தார். அவர் ஊருக்குத் திரும்பும்போது சாமான்களை ஏலம் போட்டார். என் வீட்டுக்காரர் பாதிரிமார் பள்ளிக்கூடத்தில் கொஞ்சம் இங்கிலீஷ் படித்தவர். நேரே துரையிடமே போய், "இது வேலை செய்யுமா?" என்று கேட்டாராம். "செய்யும் என்றுதான் சொல்லி விற்றார்கள். நான் இன்னும் பார்க்கவில்லை" என்று துரை சிரித்தாராம். அதைக் கேட்ட பிறகும் ஏலத்தில் எடுத்து, மாட்டு வண்டிகளில் ஏற்றிக் கொண்டுவந்துவிட்டார்.

வண்டிகளைப் பார்த்ததும் மாமனார் கடை வாசலுக்கு வந்தார். "என்னடா இது?"

"குளிர் மெசினுங்க அப்பா."

"இதுக்குத் தீனி என்ன?"

"வெறகுங்க."

மாமனார் வண்டிக்காரனைத் திரும்பிப் பார்த்தார். "கேட்டியாப்பா? எம் மகன் நெருப்பைப் போட்டுக் குளிர வைக்கப் போறானாம்." அன்று சாயந்திரத்துக்குள் பஜார் முழுக்க அது பேச்சாகிவிட்டது.

அந்த இயந்திரத்தைப் பார்த்தவர்கள் முதலில் தேடியது சக்கரத்தை. அப்படி ஒன்றும் அதில் கிடையாது. ஒரு பக்கம் விறகு எரியும் சின்ன பாய்லர். நடுவில், கண்ணாடிச் சன்னல் வைத்து இறுக மூடிய ஓர் இரும்புத் தொட்டி. மறு பக்கம், வந்து சேரும் ஆவியைக் குளிரவைத்துத் தண்ணீராக்க, ஓடைத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும் ஓர் அண்டா. தொட்டிக்கும் அண்டாவுக்கும் இடையில் ஒரு பித்தளைக் குழாய், வாய் அகன்று, தொண்டை குறுகி, மறுபடியும் அகன்று போகும். பார்த்தால் கோவில் சங்கு மாதிரியே இருக்கும். அதன் இங்கிலீஷ் பேர் எங்கள் வாயில் நுழையவில்லை. சங்கு என்றே வைத்துவிட்டோம்.

அன்றைக்கு அவர் என்னைக் கண்ணாடிச் சன்னல் பக்கம் நிறுத்தினார். உள்ளே தண்ணீர் கொப்புளம் கொப்புளமாகக் கொதித்துக்கொண்டிருந்தது. "தொடு" என்றார். பயந்து பயந்து விரல் நுனியை இரும்பில் வைத்தேன். சூடு இல்லை. உள்ளங்கையையும் வைத்தேன். மழைக்காலத்துச் சுவர் மாதிரி இருந்தது.

"எப்படிங்க?"

அவர் மடை திறந்த மாதிரி பேச ஆரம்பித்தார். "நம்மளைச் சுத்தி இருக்கிற காத்து தண்ணி மேல உக்காந்து அமுக்கிக்கிட்டே இருக்கு. அதை எடுத்துட்டா தண்ணி சூடில்லாமலே கொதிக்கும். பாய்லர்லேர்ந்து வர்ற ஆவி இந்தச் சங்கு மூக்கு வழியா பீச்சிக்கிட்டு ஓடும். ஓடுற வேகத்துல தொட்டிக்குள்ள இருக்கிற ஆவியையும் கூடவே இழுத்துக்கிட்டுப் போயிரும். உள்ள அமுக்கம் கொறையக் கொறைய தண்ணி கொதிச்சுக்கிட்டே இருக்கும். கொதிக்கிறதுக்குச் சூடு வேணுமில்ல? அதைத் தன்கிட்டேயிருந்தே எடுத்துக்குது. அதனால குளிருது."

"ஈரச் சேலையோட காத்துல நின்னா ஒடம்பு வெடவெடங்குமே, அது மாதிரியா?"

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். "அதேதான்" என்றார். பிறகு, இத்தனை நேரம் தன் பெண்டாட்டியோடு பேசிக்கொண்டிருந்தது அப்போதுதான் நினைவு வந்தவர் போல முகம் சிவந்து, பாய்லரைப் பார்க்கப் போய்விட்டார்.

குளிர்ந்தது என்னவோ உண்மை. ஆனால் மழைக்காலத்துச் சுவர் அளவோடு நின்றுவிட்டது. சோடாவுக்கான நல்ல தண்ணீர் தொட்டிக்குள் சுருள் சுருளாய் வளைந்த செம்புக் குழாய் வழியே போய் வரும். வெளியே வருகிற தண்ணீர் கிணற்றுத் தண்ணீரைவிடக் கொஞ்சம்தான் குளிர்ந்திருந்தது. பாய்லரோ விறகை விழுங்கியது. நெருப்புப் போட வந்தவர் பூனாகலைத் தோட்டத்துத் தேயிலை ஃபேக்டரியில் அதே வேலை பார்த்தவர். சதா பாடிக்கொண்டிருப்பார். ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன வீட்டில் கர்ப்பிணி மனைவியோடு இருந்தார். அவருக்கே பொறுக்கவில்லை. "முதலாளி, ஒரு தோட்டத்துக் கொழுந்தையே வறுத்து எடுத்திருக்கலாங்க இந்த வெறகுக்கு" என்றார்.

மாமனார் தினமும் ஒரு தடவை கொட்டகைக்கு வருவார். ஒரு குவளை வாங்கிக் குடிப்பார். "நல்லாத்தான் இருக்கு. குளிச்சா இன்னும் நல்லாருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போவார்.

இது இப்படி இருக்க, ஐப்பசியில் என் நாத்தனாரைப் பெண் பார்க்கக் கொழும்பிலிருந்து வந்தார்கள். ரயிலில் பண்டாரவளை வரை வந்து, அங்கிருந்து வண்டி பிடித்து, உடம்பெல்லாம் குலுங்கி வந்து சேர்ந்தார்கள். மாப்பிள்ளை நல்ல பையன். அவனுடைய பெரியப்பாதான் பேச்சுக்காரர். நாங்கள் கொடுத்த நன்னாரி சர்பத்தை ஒரு வாய் குடித்துவிட்டுக் கீழே வைத்தார். "தப்பா நெனைக்காதீங்க. கொழும்புல எங்க வீட்டுல ஐஸ் போட்டுத்தான் குடிக்கிறது. பழகிப் போச்சு" என்றார்.

மாமனார் முகம் சுண்டியது. என் வீட்டுக்காரர் மூலையில் நின்றவர், யாரும் கேட்காமலே, "கல்யாணத்துக்கு வாங்க. குளிரக் குளிரத் தருவோம்" என்றார். அவர் அப்படிப் பேசியதைக் கேட்டு வீடே திரும்பிப் பார்த்தது. பெரியப்பாவும் மறுமொழியாக, "மலையேறி வர்றவங்களுக்கு அது போதும், தம்பி" என்று சிரித்தார். கல்யாணம் தையில் என்று முடிவாயிற்று.

அவர்கள் வண்டி ஏறியதும் மாமனார் மகனைப் பிடித்துக்கொண்டார். "ஏண்டா, எந்தத் தைரியத்துல சொன்ன?"

"செஞ்சிரலாங்கப்பா."

"செய்யி. அவங்க முன்னால எம் மானத்தையும் சேத்துக் கொதிக்க வச்சிராதே."

அன்றிலிருந்து சங்குதான் எங்கள் வீட்டுப் பிள்ளையானது. வேலை முடிந்த நேரமெல்லாம் நானும் கொட்டகையில்தான். மாமனார் தடுக்கவில்லை. மகன் மருமகளோடு பேசுகிறான் என்பதே அவருக்குப் போதுமானதாக இருந்திருக்கும்.

தொட்டிக்குள் எங்கேயோ வழியாகக் காற்று புகுகிறது என்று என் வீட்டுக்காரர் முதலில் சந்தேகப்பட்டார். உள்ளே காற்று போனால் சங்கு அதையும் சுமக்க வேண்டும், பிறகு ஆவியை எங்கே இழுக்கும்? ஆனால் ஓட்டை கண்ணுக்குத் தெரியவில்லை. சோப்புத் தண்ணீர் தடவினால் கொப்புளம் வரும் என்று அவர் தடவிப் பார்த்தார். காற்று வெளியே வந்தால்தானே கொப்புளம் வரும்? இது உள்ளே போகிற காற்று. சாமி படத்துக்கு வைக்கிற ஊதுபத்தியை ஏற்றி எடுத்துக்கொண்டு போனேன். பாய்லர் ஓடும்போது மூட்டு மூட்டாகப் பிடித்துக்கொண்டு போனால், புகை நேராக மேலே போகும். ஓர் இடத்தில் சட்டென்று வளைந்து இரும்புக்குள் நுழைந்தது.

"இங்க, இங்க!" என்று கத்தினேன்.

அவர் ஓடி வந்து வெள்ளை ஈயப் பசையைச் சணலில் தடவி அடைத்தார். அடுத்த மூட்டிலும் புகை வளைந்தது. அதற்கடுத்ததிலும். கொட்டகை முழுக்கச் சாமி அறை வாசம். பாய்லர்காரர் இரும்புத் தொட்டியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "முருகா, எங்களைக் குளிர வையி" என்று வேண்டிக்கொண்டார். நாங்கள் மூன்று பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

அதில் கொஞ்சம் தேறியது. அடுத்து, பாய்லரிலிருந்து சங்குக்கு வரும் குழாய் நீளமாய், மேலே ஒன்றும் சுற்றாமல் கிடந்தது. வருகிற வழியிலேயே ஆவி குளிர்ந்து தண்ணீர்த் துளியாகிச் சங்கின் மூக்கில் துப்பியது. அந்தக் குழாய்க்குக் களிமண்ணும் சாம்பலும் பூசி, தேங்காய் நார்க் கயிறு சுற்றி, மேலே சாக்குப் போட்டுத் தைத்தோம். தைத்தவர்கள் நானும் என் நாத்தனாரும்தான். கல்யாணப் பெண் கோணி ஊசியோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து மாமனார், "இதுக்கும் ஒரு கூறைச் சேலை எடுத்துருவோமா?" என்று கேட்டார்.

பிறகு சங்கின் மூக்கு. ஆவி பீச்சுகிற அந்த முனை தொண்டைக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் பெரிய கேள்வி. ரொம்ப உள்ளே போனால் பக்கத்தில் இடமில்லாமல் அடைத்துக்கொள்ளும். ரொம்பப் பின்னால் வந்தால் பீச்சுகிற ஆவி தொண்டைக்குள் சரியாகப் போகாமல் சிதறும். பஜாரில் பாத்திரம் செய்கிறவரிடம் மெல்லிசான பித்தளை வளையங்கள் செய்து வாங்கி வந்தார். ஒவ்வொரு வளையமாகச் சேர்த்து மூக்கைப் பின்னுக்குத் தள்ளி ஓட்டிப் பார்த்தோம். ஒவ்வொரு தடவையும் சங்கின் சத்தம் மாறும். சில வேளை பாம்பு மாதிரி சீறும், சில வேளை எருமை மாதிரி முக்கும்.

ஒரு நாள் ஆசை மிஞ்சி அதிகமாக வளையம் போட்டுவிட்டோம். சங்கு ஒரு விக்கல் விக்கியது. அவ்வளவுதான், ஆவி அண்டாப் பக்கம் போகாமல் தொட்டிக்குள்ளேயே திரும்பிவிட்டது. நாங்கள் அதைக் கவனிக்கவில்லை. அந்த நேரம் பார்த்து மாமனார் வந்தார். வழக்கம் போலக் குழாயில் குவளையைப் பிடித்து ஒரே மடக்காக வாயில் ஊற்றிவிட்டார்.

அவர் கண் விரிந்தது. துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் சுற்றி ஒரு தரம் பார்த்து, கடைசியில் விழுங்கினார்.

"தேயிலைத் தூள் இருந்தா கொண்டாங்க" என்றார். "தண்ணி ரெடியாயிருச்சு."

வளையங்களைக் கழற்றிப் போட்டு ஒரு மாதிரியாகச் சரியான இடத்துக்கு வந்தோம். குளிர் இன்னும் கொஞ்சம் கூடியது. ஆனாலும் கொழும்பு பெரியப்பாவின் வாயை அடைக்கிற குளிர் இல்லை. என் வீட்டுக்காரருக்கு ஒரே ஒரு எண்ணம்தான். நெருப்பு போதவில்லை. "இன்னும் போடுங்க, இன்னும் போடுங்க" என்று பாய்லர்காரரை விரட்டுவார். அழுத்தம் காட்டும் வட்டத்தில் முள் சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்தில் போய் நடுங்கும். ஆவி எவ்வளவு வேகமாகப் பாய்கிறதோ அவ்வளவு இழுக்கும் என்பது அவர் கணக்கு. எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. யாருக்குத்தான் படாது?

மார்கழியில் ஒரு நாள் விடிந்ததிலிருந்து மழை. ஓடைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கிழவி நனைந்துகொண்டே வந்து, "ஏப்பா, ஒம் பொண்டாட்டிக்கு வலி எடுத்துருச்சு" என்றாள். பாய்லர்காரர் கையிலிருந்த விறகை அப்படியே போட்டுவிட்டு ஓடினார். என் வீட்டுக்காரர் முன்னால் கடையில் இருந்தார். நெருப்பைப் பார்த்துக்கொள்ள நான் மட்டும்தான்.

கிடந்த விறகெல்லாம் ஈரம். போட்டால் புகைந்தது, எரியவில்லை. எனக்கோ மனம் ஓடைக்கு அந்தப் பக்கமே இருந்தது. தலைப்பிரசவம். வாசலில் நின்று அந்த வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் குழந்தை அழுகிற சத்தம் மழைக்குள்ளிருந்து கேட்டது. பின்னாலேயே பாய்லர்காரர் குரல்: "பொம்பளப் புள்ளை! அம்மா, பொம்பளப் புள்ளை!" அங்கிருந்து அவர் கத்த, இங்கிருந்து நான் கத்த, ஒரே சந்தோஷம்.

பிறகுதான் இயந்திரம் நினைவுக்கு வந்தது. திரும்பிப் பார்த்தால் முள் கீழே இறங்கிக் கிடந்தது, என்றைக்கும் இல்லாத அளவுக்கு. தொட்டியின் வெளிப்பக்கம் முழுக்க நீர் முத்து முத்தாய்க் கோத்து, வழிந்து, தரையில் குட்டையாகத் தேங்கியிருந்தது. எங்கேயோ உடைந்து ஒழுகுகிறது என்று நினைத்தேன். கடைக்கு ஓடினேன்.

"என்னங்க, வாங்களேன். மெசின் ஒழுகுது. நெருப்பும் எறங்கிப் போச்சு."

அவர் முகம் மாறியது. ஓடி வந்து முள்ளைப் பார்த்தார். "ஐயோ, இவ்வளவு எறங்க விட்டுட்டியே" என்றார். ஒழுகுகிற இடம் தேடித் தொட்டியில் கை வைத்தார். வைத்த கையைச் சட்டென்று எடுத்தார். மறுபடியும் வைத்தார். பிறகு குழாயைத் திறந்து தண்ணீரைக் கையில் ஏந்தினார். அந்தக் கையை என் பக்கம் நீட்டினார். அதில் என் விரலை நனைத்தேன். எலும்பு வரை சுரீர் என்றது. மார்கழி விடியலில் எங்கள் பண்டாரவளைக் கிணற்றில் இறைத்த தண்ணீர் அப்படியே இருந்தது.

"இது ஒழுகல. காத்துல இருக்கிற ஈரம் குளிருக்கு வேர்த்திருக்கு" என்றார்.

"நெருப்பே இல்லையேங்க?"

"அதுதான் எனக்கும் புரியல."

விறகுக் குவியல் மேல் உட்கார்ந்து யோசித்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். மழையில் ஓடைத் தண்ணீர் குளிர்ந்திருக்கிறது, அதனால் அண்டா நன்றாக வேலை செய்கிறது என்று அவர் சொன்னார். போன வாரமும்தான் மழை பெய்தது, அப்போது இப்படி ஆகவில்லையே என்று நான் சொன்னேன். அவர் எழுந்து போய்ச் சங்கைத் தட்டிப் பார்த்தார். விரலால் காற்றில் அதன் தொண்டையை வரைந்து காட்டினார்.

"இந்தா பாரு. நெருப்பு அதிகமாப் போட்டா மூக்குலேர்ந்து வர்ற ஆவி கொழுத்துப் போயி வருது. தொண்டை முழுக்க அதுவே அடைச்சுக்குது. அப்பறம் தொட்டியிலேர்ந்து வர்ற ஆவி போறதுக்கு எடம் எங்க இருக்கு?"

"தோட்டத்துல சம்பளம் போட்ட ஞாயித்துக்கெழம நம்ம கடை வாசல் மாதிரின்னு சொல்லுங்க. உள்ள இருக்கிறவங்களே அடைச்சுக்கிட்டு நின்னா வெளிய நிக்கிறவங்க எப்படி நுழையறது?"

அவர் சிரிக்க ஆரம்பித்தார். நிறுத்த முடியவில்லை. "இத்தன நாளு வெறகைப் போட்டுப் போட்டு நானே அதோட தொண்டைய நெரிச்சிருக்கேன்" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். விறகு சரிந்து இரண்டு பேரும் கீழே விழப் பார்த்தோம்.

அது சும்மா ஒரு நாள் அதிர்ஷ்டமா என்று பார்க்க வெயில் நாளுக்குக் காத்திருந்தோம். வெயில் வந்ததும் நெருப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் பார்த்தோம். ஓர் அளவு வரைக்கும் குறைக்கக் குறைக்கத் தொட்டி குளிர்ந்தது. அதற்கும் கீழே போனால் ஆவியால் அண்டா வரைக்கும் தள்ளிக்கொண்டு போக முடியாமல் விக்கல் எடுத்தது. ஓடைத் தண்ணீர் குளிர்ந்திருந்தால் இன்னும் குறைந்த நெருப்பே போதும் என்றும் தெரிந்தது. அதனால் அண்டாவுக்குத் தண்ணீர் எடுக்கும் இடத்தை மேலே, மரநிழலுக்குள் மாற்றி, மூங்கில் பிளந்து வாய்க்கால் கட்டினார். பாய்லர்காரர் புதுத் தகப்பன் மிடுக்கோடு, கால் மேல் கால் போட்டு உட்கார்ந்து, எப்போதாவது ஒரு குச்சியை அடுப்பில் வைப்பார். "எம் மக பொறந்த நேரம், எனக்கு வேலையே இல்ல" என்பார். பழைய விறகில் பாதிகூடத் தேவைப்படவில்லை.

கல்யாணத்துக்கு முந்திய நாள் நாத்தனாருக்கு மருதாணி வைத்துக்கொண்டிருந்தேன். அவள் குனிந்து கையைப் பார்த்தபடி, "மதினி, ஒண்ணு சொல்லட்டா? அண்ணன் சொல்லக் கூடாதுன்னு சொன்னுச்சு" என்றாள்.

"சொல்லு."

"நீங்க வந்த புதுசுல, இந்த ஊர்த் தண்ணி வெதுவெதுன்னு குடிக்கவே பிடிக்கலன்னு எங்கிட்ட சொன்னீங்கல்ல? அதைப் போயி அண்ணன்கிட்ட சொன்னேன். அடுத்த வாரமே ஹாலிஎலைக்கு ஏலம் பாக்கப் போயிருச்சு."

மருதாணி அவள் உள்ளங்கையில் வைக்க வேண்டியது மணிக்கட்டுக்குப் போய்விட்டது. சோடாவுக்காக வாங்கினாரா, எனக்காக வாங்கினாரா என்று நான் அவரிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் இன்னும் ஒரு மாதத்துக்கு என்னோடு பேசாமல் இருந்திருப்பார்.

கல்யாணத்தன்று விடிந்ததும் வாசலுக்கு வந்து பார்த்தேன். எதிர் மலை தெரியவில்லை. மூடுபனியும் தூறலும். தையில் அப்படியொரு குளிரைப் பதுளையில் அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. மாப்பிள்ளை வீட்டார் ஒரு போர்வைக்கு இரண்டு பேராக உட்கார்ந்திருந்தார்கள். எல்லோர் கண்ணும் சமையல் பக்கமே இருந்தது, கோப்பி வருமா என்று.

"இந்தக் குளிருல யாருங்க சர்பத் குடிப்பா?" என்றேன்.

என் வீட்டுக்காரர் அசையவில்லை. "சொன்ன சொல்லு. குடுத்துத்தான் ஆகணும்" என்றார். அப்படிப்பட்ட நாளில்தான் சங்கு உச்சத்தில் வேலை செய்தது. செம்புகளின் வெளியே நீர் வழிய வழிய நன்னாரி சர்பத் காலைப் பந்திக்கு வந்தது.

கொழும்பு பெரியப்பா குவளையை வாங்கினார். விரல் பட்டதும் புருவம் ஏறியது. எல்லோரும் அவரையே பார்த்தார்கள். மறுக்க முடியாது, கேட்டவரே அவர்தான். கண்ணை மூடிக்கொண்டு முழுக் குவளையையும் குடித்தார். பல் கிட்டித்தது. உடம்பு ஒரு தரம் உதறியது. பிறகு நடுங்கும் குரலில், "கொழும்புல கூட... இப்படிக் குடிச்சதில்லப்பா" என்றார்.

மாமனார் இரண்டாவது குவளையோடு தயாராக நின்றார். "இன்னும் ஒண்ணு குடிங்க சம்பந்தி. பழகிப் போயிரும்."

பந்தலே சிரித்தது. பெரியப்பாவும் சிரித்தார், இரண்டாவதையும் வாங்கிக் குடித்தார். பிறகு தானே கொட்டகைக்கு இறங்கிப் போய், சங்கைத் தொட்டுப் பார்த்து, என் வீட்டுக்காரரிடம் ஆயிரம் கேள்வி கேட்டார். முகூர்த்தத்துக்கு ஆள் அனுப்பி இரண்டு பேரையும் கூட்டி வர வேண்டியதாயிற்று. நாத்தனார் அந்த வீட்டில் நன்றாக வாழ்ந்தாள். பெரியப்பாவுக்கு அவள் மேல் தனிப் பிரியம்.

பங்குனி சித்திரை வெயிலில் எங்கள் சோடாவுக்கு வந்த கூட்டத்தைப் பார்த்து மாமனார் தன் அரிசி, கருவாட்டு வியாபாரத்தைக்கூட மறந்தார். "எங்க சங்கு" என்று யாரிடமும் சொல்லுவார், தானே சீமைக்குப் போய்ச் செய்து கொண்டுவந்த மாதிரி. வண்டி வைத்து ஹாலிஎல வரை அனுப்பினோம். பல வருஷம் கழித்துப் பதுளைக்கே ரயில் வந்தபோது கொழும்பு ஐஸ் மரத்தூளில் பொதிந்து வந்து இறங்கியது. நாங்களும் அதையே வாங்க ஆரம்பித்து, பாய்லரை அணைத்தோம். அதில் எங்களுக்கு வருத்தம் எதுவும் இருக்கவில்லை. அதற்குள் என் பிள்ளைகள் வளர்ந்திருந்தார்கள், பாய்லர்காரர் மகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள், என் வீட்டுக்காரர் பேச ஆரம்பித்தால் நிறுத்தச் சொல்ல வேண்டியிருந்தது.

அந்த முதல் கோடையில் ஒரு சம்பள ஞாயிறு இன்னும் கண்ணில் நிற்கிறது. கொழுந்து பறிக்கிற பெண்கள் ஒரு கூட்டமாய்ச் சந்தைக்கு வந்தவர்கள், தலையில் மூட்டையோடு வியர்த்து வழிந்து கடை வாசலில் நின்றார்கள். ஒருத்தி துணிந்து, "அந்தக் குளுந்த சோடா ஒண்ணு குடுங்க" என்றாள். கோலியைத் தட்டிக் கொடுத்தேன். ஒரு மடக்கு குடித்ததும் வாயு மூக்கில் ஏறிவிட்டது. கண்ணில் தண்ணீர் வர, இருமலும் சிரிப்புமாய்ப் பக்கத்திலிருந்தவள் தோளைப் பிடித்துக்கொண்டு குலுங்கினாள்.

"என்னடி செய்யுது?" என்றார்கள் மற்றவர்கள்.

"சொல்லமாட்டேன். நீங்களும் குடிங்க!" என்றாள்.

அத்தனை பேரும் மூட்டையை இறக்கி வைத்துவிட்டுக் கையை நீட்டினார்கள்.